ஸ்லோவில் அணையாத விளக்கு

நான் கம்பியை நம்புகிறவள். பேய் என்று யாராவது என் பட்டறைக்கு வந்தால், முதலில் எர்த் கம்பியைப் பார் என்று சொல்லி அனுப்புவேன். வண்டி தானாக ஹாரன் அடிக்கிறது, கல்லறைப் பக்கம் போனால் விளக்கு மினுக்குகிறது என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் தோல் உரிந்த ஒரு கம்பி இருந்தது. அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் கட்டுக்கதை என்று நினைத்தால் எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் அன்று வோல்ட் மீட்டரின் முள்ளை என் கண்ணால் பார்த்தேன். மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

என் பெயர் தல்மிரா. பெரு நாட்டில், இக்கா ஊரை ஒட்டிய வக்காச்சினா குளத்தங்கரையில் பட்டறை வைத்திருக்கிறேன். குளத்தைச் சுற்றி மலை மலையாக மணல். அந்த மணலில் ஓடும் வண்டிகளுக்கு வயரிங் செய்வது என் பிழைப்பு. குழாயை வளைத்துக் கட்டிய ஒரு கூண்டு, நாலு சக்கரம், பின்னால் எஞ்சின், அவ்வளவுதான் வண்டி. மாலையில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு மேடு தாவும். சூரியன் மறைவதைக் காட்டிவிட்டுத் திரும்பும். என் கணவன் எவரிஸ்தோவும் ஒன்று ஓட்டுகிறான். அதற்கு லா புல்கா என்று பெயர். தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம். பழைய வோக்ஸ்வேகன் எஞ்சின் வைத்த குட்டி வண்டி. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

மணலில் ஒரு சட்டம் உண்டு. வரிசையாகப் போய் வரிசையாகத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கூண்டின் உச்சியிலும் ஒரு விளக்கு இருக்கும். ஊருக்கு இறங்குவதற்கு முன்னால் உள்ள கடைசி மேட்டில் எல்லோரும் நிற்பார்கள். முதல் வண்டியில் இருக்கும் தலைவர் திரும்பிப் பார்த்து விளக்குகளை எண்ணுவார். பிறகு வயர்லெஸ்ஸில் கடைசி வண்டியைக் கூப்பிட்டு, பின்னால் யாராவது உண்டா என்று கேட்பார். “யாரும் இல்லை, முழுசு” என்று கடைசி வண்டி சொன்னால்தான் வரிசை இறங்கும். வழி தவறியவன் அலையக் கூடாது. நின்ற இடத்திலேயே எஞ்சினை அணைக்காமல், உச்சி விளக்கைப் போட்டபடி காத்திருக்க வேண்டும். தலைவர் தேடி வருவார்.

லா புல்காதான் எங்கள் வரிசையில் கடைசி.

மே மாதம் அதன் டைனமோ எரிந்துபோனது. எவரிஸ்தோ பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ப் பழையது ஒன்றை வாங்கி வந்தான். நான்தான் மாட்டிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த வாரம் அவன் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னான். தனக்குப் பின்னால் ஒரு வண்டி வருகிறதாம். மஞ்சளாக ஒற்றை விளக்காம்.

வேறு யாராவது குறுக்கே வந்திருப்பார்கள் என்றேன். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. எவரிஸ்தோவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. தலைவர் வயர்லெஸ்ஸில் கேட்கும்போதெல்லாம் பின்னால் ஒருவர் வருகிறார் என்றே சொன்னான். தலைவர் எண்ணிப் பார்ப்பார். எட்டு வண்டி, எட்டு விளக்கு. ஒன்பதாவது கிடையாது.

சக ஓட்டுநர்கள் சும்மா விடுவார்களா? உன் பின்னால் வருகிறவனுக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடு என்றார்கள். பிஸ்கோ சாராயம் உள்ளே போனால் நிலாவே ரெண்டாகத் தெரியும், விளக்குக்கு என்ன கேடு என்றார்கள். அவன் குடிப்பதை விட்டு ஆறு வருஷமாகிறது. அது அவர்களுக்கும் தெரியும்.

ஆகஸ்டில் தலைவர் கசிமிரோவே என் பட்டறைக்கு வந்தார். ஓட்டுநர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அதிகம் பேசாத மனிதர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“தல்மிரா, உன் புருஷனைக் கேலி பண்ண நான் வரல. ஹசிந்தாவுக்காக வந்திருக்கேன்.”

ஹசிந்தா யார் என்று சொல்ல வேண்டும். மணல்மேட்டின் அடிவாரத்தில், வண்டிகள் ஊருக்குள் நுழையும் இடத்தில், ஒரு இரும்புச் சங்கிலி இருக்கிறது. மாலையில் அதை இறக்கி வைத்துவிட்டு, எல்லா வண்டியும் வந்ததும் தூக்கிப் பூட்டுவது அவள் வேலை. அவள் கணவன் தியோபிலோவும் இங்கே வண்டி ஓட்டியவன்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்டில் அடிக்கும் பராக்கா என்ற மணற்காற்றில், வரிசையின் கடைசியில் வந்தவன் வீடு திரும்பவில்லை. ஆளும் கிடைக்கவில்லை, வண்டியும் கிடைக்கவில்லை. வரிசையை விட்டுத் தனியாகக் குடிக்கப் போனான் என்று ஊரில் பேச்சு. சங்கம் இரக்கப்பட்டு ஹசிந்தாவுக்கு அந்த வேலையைக் கொடுத்தது.

தினமும் கடைசி வண்டியை நிறுத்தி அவள் கேட்பது ஒரே கேள்விதான். பின்னால் யாராவது வருகிறார்களா? வருஷக்கணக்காக எல்லோரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் கணவன் ஒருத்தன் மட்டும் ஆமாம் என்று சொல்கிறான்.

“அவன் அப்படிச் சொன்ன நாள்லேருந்து அவ சங்கிலியப் பூட்டுறதில்ல. விடிய விடிய உக்காந்திருக்கா. பாக்க சகிக்கல. இன்னொரு தடவ வயர்லெஸ்ல ‘பின்னால ஆள் இருக்கு’ன்னு உன் புருஷன் வாயத் திறந்தான்னா, அவன மேட்டுக்கு ஏத்த மாட்டேன்.”

“அவன் பாக்கறத அவன் சொல்றான்.”

“பாக்காம இருக்க ஏதாவது வழி பண்ணு.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அன்றிரவு எவரிஸ்தோவை உட்காரவைத்து, அந்த விளக்கு எப்படி எரிகிறது என்று துருவித் துருவிக் கேட்டேன். தான் ஓட்டினால் அது எரியும், மேட்டில் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி அணைந்துவிடும் என்றான். அதனால்தான் கசிமிரோ எண்ணும்போது தெரிவதில்லையாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா இத்தனை பாடு!

எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் டைனமோ கரன்ட் தரும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால், அதை நாங்கள் ஸ்லோ என்போம், டைனமோ சோம்பேறியாகிவிடும். விளக்குகள் பேட்டரியைத் தின்று எரியும். பேட்டரி பழையது, உடனே விளக்கு மங்கும். எவரிஸ்தோ சொன்ன விளக்கும் லா புல்காவின் விளக்கைப் போலவே எரிந்து, அதைப் போலவே மங்குகிறது. தன் விளக்கின் வெளிச்சம் பின்னால் கிளம்பும் புழுதியில் பட்டுத் தெரிவதைத்தான் இவன் மூன்று மாதமாகப் பார்க்கிறான். டைனமோவைத் தூக்கிக் கடாசிவிட்டு, அதே வேலை செய்யும் புது வகை ஆல்டர்னேட்டரைப் போட்டால், ஸ்லோவிலும் கரன்ட் வரும், வெளிச்சம் நிலையாக நிற்கும். மாயமும் தெளியும்.

எவரிஸ்தோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது வெளிச்சம் இல்லடீ. அதுக்கு எஞ்சின் சத்தம் இருக்கு.”

“உன் எஞ்சின் சத்தம்தான் மேட்டுல மோதித் திரும்புது. போய்ப் படு.”

ஆல்டர்னேட்டர் வாங்கினோம். வியாழக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். இந்த எஞ்சினில் டைனமோ மேலே உட்கார்ந்திருக்கும். எஞ்சினைக் குளிரவைக்கும் காற்றாடியையும் அதுதான் சுழற்றும். அதனால் தகரக் கூட்டையே கழற்றித் தூக்க வேண்டும். பெல்ட்டைத் தளர்த்தி எடுத்தேன். எடுத்ததும் டைனமோவின் கப்பி தானாக அரைச் சுற்று சுற்றியது. பெல்ட் இழுவிசையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

டைனமோவைக் கவிழ்த்தேன். உள்ளிருந்து மணல் கொட்டியது. மணல் வண்டியில் மணல் இருப்பது அதிசயமில்லை. ஆனால் இது கொட்டிக்கொண்டே இருந்தது. தட்டத் தட்ட வந்தது. முறத்தில் அள்ளிக் கொட்டும் அளவுக்கு வந்தது. மே மாதம் மாட்டும்போது நானே ஊதித் துடைத்துத்தான் மாட்டினேன்.

கரன்ட்டை அளவாக வைக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டேன். புதிய ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிறது. பேட்டரிக்குத் தடித்த கம்பி இழுத்தேன். முன்பக்கம் உள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்குக்கு மெல்லிய கம்பி கொடுத்தேன். சார்ஜ் ஆகாவிட்டால் அந்தச் சிவப்பு எரியும். பக்கத்தில் வோல்ட் மீட்டரும் வைத்தேன். ஸ்டார்ட் செய்தேன். சிவப்பு அணைந்தது. எஞ்சினை ஸ்லோவில் விட்டேன். முள் பதினாலில் ஆணி அடித்தது போல நின்றது. உச்சி விளக்கு பால் போல எரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். எவரிஸ்தோவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

அன்று மாலையே சோதனை. கசிமிரோ ஒத்துக்கொண்டார். லா புல்காவில் பயணிகள் வேண்டாம், எவரிஸ்தோவும் நானும் மட்டும் வழக்கம்போலக் கடைசியில் வரலாம் என்றார். வயர்லெஸ்ஸை நான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இவன் வாயை அவர் நம்பவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிய பாகம் போட்டு முதல் முறை மணலுக்குப் போகும்போது, கழற்றிய பழைய பாகத்தையும் கூடவே எடுத்துப்போவோம். புதுசு கைவிட்டால் பழசு ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நானும் அந்த டைனமோவைத் துணியில் சுற்றி, ஒரு மரப்பெட்டியில் போட்டு, சீட்டுக்குப் பின்னால் கயிற்றால் கட்டினேன்.

சங்கிலியைத் தாண்டும்போது ஹசிந்தா பக்கத்தில் வந்தாள். பெட்டியில் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் துணியை விலக்கி டைனமோவின் மேல் கை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

“சுடுதே.”

“வெயில்ல கிடந்துச்சுக்கா.”

அது காலையிலிருந்து பட்டறைக்குள், மேசைக்கு அடியில் கிடந்தது. அவளுக்குப் பதில் சொன்ன பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சூரியன் இறங்கியது. பயணிகள் படம் எடுத்து முடித்தார்கள். வரிசை திரும்பியது. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. ஆகஸ்டில் அப்படி நிற்காது.

எவரிஸ்தோ ஓட்டினான். ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த லூரன் ஆண்டவர் படத்தை ஒரு முறை தொட்டுக்கொண்டான். நான் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் இருட்டு. வெறும் இருட்டு.

“எங்கய்யா உன் ஆளு?”

அவன் கியரை இறக்கி வண்டியை மேட்டில் ஏற்றினான்.

முதல் மேடு தாண்டினோம். இரண்டாவது மேடு. எங்கள் பின் சக்கரம் கிளப்பிய புழுதி கூட இல்லை. நான் மனதுக்குள் கசிமிரோவிடம் பேச வேண்டியதை எல்லாம் தயார் செய்துகொண்டிருந்தேன்.

அப்போது ஒரு சத்தம்.

ர்ர்ர்...

மிக மெல்லிய சத்தம். எஞ்சினில் இருந்து அல்ல. எனக்கு எஞ்சினின் ஒவ்வொரு சத்தமும் தெரியும். இது சீட்டுக்குப் பின்னால் இருந்து வந்தது.

திரும்பி, பெட்டியின் மேல் கை வைத்தேன். மரம் அதிர்ந்தது.

துணியை விலக்கினேன். டைனமோவின் கப்பி சுற்றிக்கொண்டிருந்தது.

பெல்ட் இல்லை. கம்பி இல்லை. சும்மா பெட்டியில் கிடக்கும் இரும்பு. டைனமோவுக்கு நாம் கரன்ட் கொடுத்தால் அது மோட்டார் போலச் சுற்றும். பட்டறையில் அப்படித்தான் சோதித்துப் பார்ப்போம். ஆனால் இதற்கு யார் கொடுக்கிறார்கள்? எதன் வழியாக?

மீட்டரைப் பார்த்தேன்.

பதினாலில் நின்ற முள் பதின்மூன்றுக்கு வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டரை... பன்னிரண்டு. சிவப்பு விளக்கு லேசாகக் கண் விழித்தது. யாரோ எங்கள் கம்பியில் இன்னொரு விளக்கை மாட்டியது போல இருந்தது.

எங்கேயோ ஷார்ட். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.  முன் விளக்குகளை அணைத்தேன். உச்சி விளக்கையும் அணைத்தேன். பாரம் போனால் முள் ஏற வேண்டும்.

முள் ஏறவில்லை.

எங்கள் வண்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஆனாலும் யாரோ கரன்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“விளக்கப் போடுடீ” என்றான் எவரிஸ்தோ. அவன் குரல் அடங்கியிருந்தது. “கண்ணாடியப் பாரு.”

பார்த்தேன்.

பின்னால் ஒரு விளக்கு. மஞ்சள். ஒற்றை.

எங்கள் விளக்குகள் அணைந்திருந்தன. அது புழுதியில் பட்ட வெளிச்சம் இல்லை.

விளக்குகளைத் திரும்பப் போட்டேன். கடைசி மேடு வந்தது. முன்னால் ஏழு வண்டிகள் வரிசையாக நின்றன. எவரிஸ்தோ நிறுத்தினான். காலை எடுத்தான். எஞ்சின் ஸ்லோவுக்கு இறங்கியது.

மூன்று மாதமாக இந்த இடத்தில்தான் அது அணைந்திருக்கிறது.

காத்திருந்தேன்.

அணையவில்லை.

மங்கக்கூட இல்லை. என் ஆல்டர்னேட்டர் ஸ்லோவிலும் கரன்ட் கொடுத்தது. அதற்காகத்தானே மாட்டினேன்...

பெட்டிக்குள் ர்ர்ர் என்ற சத்தம் ஏறியது.

விளக்கு நகர்ந்தது. எங்கள் பக்கமாக.

வயர்லெஸ் கரகரத்தது. கசிமிரோ.

“கடைசி வண்டி. பின்னால யாராவது?”

எவரிஸ்தோ என்னைப் பார்த்தான். அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் நாளை முதல் எங்களுக்கு மணல் இல்லை. லா புல்கா முற்றத்தில் துருப்பிடிக்கும். நான் பொத்தானை அழுத்தினேன்.

“யாரும் இல்ல. முழுசு.”



கரகர...

கரகர...

பிறகு அவர் குரல் வந்தது. கிழவனின் குரலாக வந்தது.

“தல்மிரா... எனக்கு ஒன்பது தெரியுது.”

 அத்தனை வண்டியிலும் வயர்லெஸ் இருக்கிறது. எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேலி பேசிய ஒருவனும் வாய் திறக்கவில்லை.

“இறங்குங்க. யாரும் திரும்பிப் பாக்காதீங்க.”

இறங்கினோம்.

அதுவும் இறங்கியது.

அதன் எஞ்சின் சத்தம் இப்போது எனக்கும் கேட்டது. எங்களுடையது போன்றதுதான். ஆனால் உள்ளே மணல் அரைபடும் சத்தமும் சேர்ந்து... ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

என் பின் கழுத்தில் வெளிச்சம் பட்டது. அதில் சூடு இல்லை.

நான் திரும்பவில்லை.

ஜெபமும் வரவில்லை. மீட்டரை மட்டும் பார்த்தேன். பதினொன்று... பதினொன்றுக்கும் கீழே. இந்த எஞ்சின் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

அடிவாரம்.

சங்கிலி தரையில் கிடந்தது. ஹசிந்தா நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள். வழக்கம்போல எவரிஸ்தோவின் பக்கம் வந்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் கேட்கவில்லை. எங்களைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் விழுந்திருந்தது. சின்னப் பெண்ணின் முகம் போல இருந்தது.

“சரி, நீங்க போங்க” என்றாள். “நான் பாத்துக்கறேன்.”

எவரிஸ்தோ வண்டியை எடுத்தான். அவள் கையைப் பிடித்து இழுத்து எங்கள் பின் சீட்டில் போட்டிருக்கலாம். எனக்குப் பயம். பயத்தில் நான் என்னை மட்டும்தான் நினைத்தேன்.

சங்கிலியைத் தாண்டினோம். பெட்டியில் சத்தம் சட்டென்று நின்றது. முள் துள்ளி எழுந்து பதினாலில் நின்றது. சிவப்பு அணைந்தது.

பட்டறைக் கதவைச் சாத்தி, எல்லா விளக்கையும் போட்ட பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. துணி சூடாக இருந்தது, ஒரு ஓரம் கருகியிருந்தது.

டைனமோ இல்லை.

பெட்டியில் ஒரு கைப்பிடி மணல் மட்டும் இருந்தது.

காலையில் ஹசிந்தாவின் நாற்காலி காலியாக இருந்தது. அவள் போர்வை அதன் மேல் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. சங்கிலி தரையிலேயே கிடந்தது. அன்றிரவு காற்றே அடிக்கவில்லை என்பதால் மணல் கலையவில்லை. மேட்டிலிருந்து ஒரு வண்டித் தடம் நேராக நாற்காலி வரை வந்திருந்தது. மெல்லிய டயர். இப்போது எங்களில் யாரும் அந்த டயர் போடுவதில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் வட்டமடித்து அது மேட்டுக்கே திரும்பியிருந்தது. ஹசிந்தாவின் காலடி நாற்காலியிலிருந்து அந்தத் தடம் வரை போனது. அங்கே முடிந்தது.

நாங்களும் தேடினோம், போலீஸும் தேடியது. தடம் இரண்டாவது மேட்டின் உச்சி வரை போனது. அதற்கு மேல் சுத்தமான மணல்.

மூன்றாம் நாள் கசிமிரோ பட்டறைக்கு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார். போன வருஷம் காற்று ஒரு மேட்டை நகர்த்தியபோது தியோபிலோவின் வண்டி வெளியே வந்ததாம். அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். ஆள் இல்லை. சாவி ஆன் பண்ணியபடி இருந்தது. உச்சி விளக்கின் சுவிட்ச் மேலே இருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது. டாங்கியில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அவன் குடிக்கப் போகவில்லை. காற்றில் வழி தவறியதும் சட்டப்படி செய்திருக்கிறான். நின்ற இடத்திலேயே, எஞ்சினை அணைக்காமல், விளக்கைப் போட்டபடி தன்னை எண்ணுவார்கள் என்று காத்திருந்திருக்கிறான். எஞ்சின் ஸ்லோவில் ஓடியிருக்கிறது. டைனமோ ஸ்லோவில் கரன்ட் தராது. பெட்ரோல் தீருவதற்கு முன்னாலேயே விளக்கு செத்திருக்கும்.

“அவன் காணாமப் போன அன்னிக்கே தேடிப் போனேன், தல்மிரா. அந்த மேட்டுக்குக் கீழ வரைக்கும் போனேன். வெளிச்சம் தெரியல. திரும்பி வந்துட்டேன்.”

பிணம் இல்லாத வண்டியை ஹசிந்தாவிடம் எப்படிக் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிரித்துப் பழைய இரும்புச் சந்தையில் போட்டுவிட்டார். சக்கரம், எஞ்சின், டைனமோ எல்லாவற்றையும்.

அதற்குப் பிறகு சங்கிலி வேலைக்கு வேறு ஆளைப் போட்டார்கள். லா புல்கா பழையபடி கடைசியில் ஓடுகிறது. ஆல்டர்னேட்டரில் ஒரு குறையும் இல்லை. என் கணவனை இப்போது யாரும் கேலி செய்வதில்லை. தினமும் மேட்டில் கசிமிரோ கேட்கிறார். “யாரும் இல்ல, முழுசு” என்று எவரிஸ்தோவே சொல்கிறான். என் பட்டறை வயர்லெஸ்ஸில் எனக்கும் கேட்கும். அவன் வேலை நிலைத்துவிட்டது, வீட்டில் அடுப்பு எரிகிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மொச்சையும் சோறும் வைத்துக் கொடுத்தேன். அவன் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதன் மூன்று வாரத்தில் ஐந்து வயது கூடியவன் போல இருந்தான். மெதுவாகக் கேட்டேன்.

“நெசமாவே இப்ப பின்னால யாரும் வர்றதில்லல்ல?”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“வருது. அதே வெளிச்சம்தான்.”

தட்டை ஓரமாக நகர்த்தினான்.

“முன்னெல்லாம் அதுல ஒரு ஆளு உக்காந்திருக்கும். இப்ப ரெண்டு பேரு.”